குடியிருந்தவர் சொல்லட்டும்

ஒரு வீட்டின் குணதோஷங்களைச் சொல்ல யாருக்கு அதிக யோக்கியதை உண்டு? கட்டிக் கொடுத்தவருக்கா, வண்டியில் வந்து இறங்கிப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கா, அல்லது அந்த வீட்டில் படுத்து எழுந்து, அடுப்பு மூட்டி, காய்ச்சலில் கிடந்து, மழைக்குக் கதவைச் சாத்தியவருக்கா? இதென்ன கேள்வி, குடியிருந்தவருக்குத்தான் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். சாமானிய வீட்டைப் பற்றிய பேச்சாக இருந்தால் உலகமும் அதை ஒப்புக்கொள்ளும். ஆனால் வீடு பிரசித்தமானதாகி, அதைக் கட்டியவர் மேதை என்று பெயரெடுத்து, குடியிருந்தவர் ஒரு பெண்ணாகவும் இருந்துவிட்டால் நியாயம் தலைகீழாகிவிடுகிறது. அப்போது அவள் சொல்வது விமரிசனம் அல்ல, புலம்பல். அந்தப் புலம்பலுக்கு ஒரு காரணத்தையும் கண்டுபிடித்து விடுகிறார்கள்: காதல் தோல்வி!

நான் சொல்ல வருவது ஃபார்ன்ஸ்வொர்த் இல்லத்தைப் பற்றி. அமெரிக்காவில் சிகாகோ நகரத்திலிருந்து தென்மேற்கே சுமார் 60 மைல் தொலைவில், பிளானோ என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், ஃபாக்ஸ் நதிக் கரையில் அந்த வீடு நிற்கிறது. சென்ற நூற்றாண்டின் கட்டடக் கலையைப் பற்றி எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் அதன் படம் இல்லாமல் இராது. வெள்ளைப் பெயின்ட் அடித்த எட்டு எஃகுத் தூண்கள். அவை தாங்கிப் பிடித்திருக்கும் இரண்டு பலகைகள்: ஒன்று தரை, மற்றொன்று கூரை. இரண்டுக்கும் நடுவே நாற்புறமும் கண்ணாடி. தரை பூமியைத் தொடவில்லை. ஐந்தேகால் அடி உயரத்தில் மிதப்பதுபோல் நிற்கிறது. உள்ளே சுமார் 1,500 சதுர அடியில் ஒரே கூடம். அறை என்று எதுவும் கிடையாது. நடுவில் மரத்தாலான ஒரு பெரிய பெட்டிபோல் ஓர் அமைப்பு. அதற்குள் இரண்டு குளியலறைகள், ஒரு புறம் கணப்பு, மறு புறம் சமையல் மேடை. காற்று வர மேற்கே ஒரு வாசற்கதவு, கிழக்கே தரையை ஒட்டித் திறக்கும் இரண்டு சிறு ஜன்னல்கள். வீடு அவ்வளவுதான்.

இதைக் கட்டியவர் லுட்விக் மீஸ் வான் டெர் ரோ. ஜெர்மனியில் பிறந்து புகழ்பெற்று, 1938-இல் சிகாகோவுக்கு வந்து, அங்கே கட்டடக் கலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர். கட்டச் சொன்னவர் டாக்டர் ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த். 1903-இல் பிறந்தவர், சிறுநீரக நோய்களில் ஆராய்ச்சி செய்து பெயர் பெற்ற மருத்துவர். இளமையில் வயலின் கற்றவர். பிற்காலத்தில் இத்தாலியக் கவி மொந்தாலேயை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். மணம் செய்துகொள்ளாதவர். வார இறுதியில் நோயாளிகளையும் நகரத்தையும் மறந்து தங்கியிருக்க ஒரு சிறு வீடு வேண்டும் என்று விரும்பினார். 1945-இல் ஒரு விருந்தில் இருவரும் சந்தித்தார்கள். 1947-இல் அந்த வீட்டின் மாதிரி நியூயார்க் நவீன கலை மியூசியத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1951-இல் வீடு எழுந்தது.

அதற்குள் 58,400 டாலர் என்று பேசியிருந்த செலவு சுமார் 74,000 டாலராக வளர்ந்திருந்தது. கொரிய யுத்தத்தால் சாமான்களின் விலை ஏறியதும் அதற்கு ஒரு காரணம். பாக்கிப் பணம் கேட்டு மீஸ் வழக்குப் போட்டார்; டாக்டர் அம்மாள் எதிர் வழக்குப் போட்டார். 1952-இல் நடந்த விசாரணையின் முடிவு மீஸுக்குச் சாதகமாக வந்தது. பிறகு இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. கட்டியவரும் கட்டச் சொன்னவரும் அதன்பின் நண்பர்களாக இருக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் நான் அந்த வீட்டைப் பார்க்கப் போனேன். கூட வந்தவன் என் அண்ணன் மகன். சிகாகோவில் ஆர்க்கிடெக்டாக வேலை பார்க்கிறவன். மீஸ் என்ற பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிற பக்தன். நதியோரமாக மரங்களுக்கு நடுவே நடந்து போனோம். ஒரு திருப்பத்தில் இலைகளுக்கிடையே வீடு தெரிந்தது. அழகு என்றால் அப்படியோர் அழகு! கனமே இல்லாத கட்டடம். தூண்களைக் கூரையோடு பற்றவைத்த இடத்தில் தழும்பு தெரியாதபடி அரத்தால் தேய்த்து வழித்திருக்கிறார்கள். படிகள்கூடக் காற்றில் நிற்கின்றன. அந்த அழகை மறுக்கிறவனுக்குக் கண் இல்லை என்றே சொல்வேன். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, நவீனக் கலை புரியாத ஒரு பழைய பஞ்சாங்கம் பேசுகிறது என்று யாரும் எண்ண வேண்டாம்.

வாசலில் காலணியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். "கோயில் மாதிரி இருக்கில்ல, சித்தப்பா?" என்றான் அவன்.

"கோயில்தான், அப்பா. கோயிலில் யாராவது குடியிருப்பார்களா?" என்றேன். வாதம் அங்கே ஆரம்பித்தது.

அவன் எடுத்து வைத்த கட்சி சாமானியமானது அல்ல. அதைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலாவதாக, இது குடும்பம் நடத்தக் கட்டிய வீடு அல்ல; தனி மனுஷி ஒருத்தி சனி ஞாயிறு வந்து தங்கக் கட்டியது. நாலு பிள்ளை பெற்றவளின் சௌகரியங்களை இதில் தேடுவது தவறு என்றான். தேடவில்லை. ஆனால் தனியாக இருப்பவருக்கு மறைப்பு வேண்டாம் என்று யார் சொன்னது? கூட்டத்தில் வாழ்கிறவருக்குக் கூட்டமே ஒரு மறைப்பு. இரவில் ஒற்றைக்கு ஒருத்தி விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் நாலு பக்கமும் கண்ணாடி என்ன செய்யும் என்று யோசியுங்கள். உள்ளே இருப்பவளுக்கு வெளியே இருட்டு; தன் பிம்பம்தான் தெரியும். வெளியே நிற்பவனுக்கோ எல்லாம் தெரியும். பகலில் வந்து படம் பிடிக்கிறவர்களின் காமிராவுக்கு இந்த இரவு தெரிய நியாயமில்லை.

அந்த அம்மாள் 1953-இல் ஒரு பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில் சொன்னவற்றைப் பாருங்கள். சமையல் மேடை வெளியிலிருந்து வருகிறவர் கண்ணுக்கு முழுவதும் தெரிகிறது. ஆகவே குப்பைத் தொட்டியை அங்கே வைக்க முடியவில்லை, தள்ளி ஓர் அலமாரிக்குள் ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது என்றார். துணி மாட்டும் கொக்கி ஒன்றை மாட்டினால்கூட அது வெளித் தோற்றத்தை என்ன செய்யும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது என்றார். வீடு எக்ஸ்ரே படம்போல் இருக்கிறது என்றார். எக்ஸ்ரே படத்தைத் தினந்தோறும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்த வைத்தியர் சொன்ன உவமை அது. இதைவிடத் துல்லியமான கட்டடக் கலை விமரிசனத்தை நான் படித்ததில்லை. இதில் புலம்பல் எங்கே இருக்கிறது?

இரண்டாவதாக, "அவங்க வரைபடம் பார்த்தாங்க, மாதிரியும் பார்த்தாங்க, எல்லாம் பார்த்துட்டுத்தானே சரின்னாங்க?" என்றான். பார்த்தார், சந்தோஷமாகவே பார்த்தார். ஆனால் மாதிரிக்கு இரவு கிடையாது, கொசு கிடையாது, ஜனவரி மாதம் கிடையாது. மேஜைமேல் இருக்கும் மாதிரியை மனிதர் சுற்றி வந்து பார்க்கிறார். வீட்டிலோ மனிதர் உள்ளே இருக்கிறார். உள்ளே இருப்பது எப்படியிருக்கும் என்பதை முன்கூட்டி அறிந்து சொல்வதற்குத்தான் ஆர்க்கிடெக்டுக்குச் சம்பளம். நோயாளி மருந்துக்குச் சம்மதித்தாள் என்பதால் மருந்தின் விளைவுக்கு வைத்தியர் பொறுப்பில்லை என்று ஆகுமா? டாக்டர் அம்மாளுக்கு இந்த நியாயம் நன்றாகத் தெரிந்திருக்கும்.

மூன்றாவதாக, கொசுவும் வெயிலும் ஈரமும் இயந்திரக்காரர்கள் சரிசெய்ய வேண்டிய சில்லறை விஷயங்கள் என்றான். "கொசுவை வச்சுக் கலையை அளக்கறீங்களே, சித்தப்பா!" என்று சிரித்தான். இந்த வாக்கியத்துக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன். நதிக்கரையில், மரக் கூட்டத்தின் நடுவில், இரவில் விளக்கெரியும் வீடு. கொசு வரும் என்பது ரகசியமா? மீஸின் வீட்டில் கொசுவலைக்கு இடமில்லை. குடிவந்த பிறகு வராந்தாவைச் சுற்றி வலை அடிக்க வேண்டியிருந்தது. ஒற்றைக் கண்ணாடிச் சுவர். நீர் உறைந்துபோகும் குளிர்காலத்தில் உள்பக்கம் வியர்த்து வழிந்தது. கோடையில் வெயில் நேரே உள்ளே விழுந்தது. திறக்கவோ ஒரு கதவும் இரண்டு குட்டி ஜன்னலும்தான். துணி வைக்கத் தக்க இடம் இல்லாததால் தேக்கில் ஓர் அலமாரி பின்னால் செய்து வைக்கப்பட்டது. படுக்கைக்குச் சற்றே மறைவு கொடுத்ததும் அதுதான். தூங்குவதும், உடுப்பதும், பூச்சி கடிக்காமல் உட்காருவதும் சில்லறை விஷயங்கள் என்றால் வீட்டில் மொத்த விஷயம் எது?

அப்புறம் வெள்ளம். ஃபாக்ஸ் நதி பெருகும் என்பது மீஸுக்குத் தெரியும். தெரிந்துதான் வீட்டைக் கால்மேல் நிறுத்தினார். அந்த நிலத்திலேயே மேடான இடம் இருந்தது. நதிக்குப் பக்கத்தில் இருக்கும் அழகுக்காகத் தாழ்வான இடத்தைத் தேர்ந்தார். வீடு முடிந்து மூன்றே வருஷத்தில், 1954-இல், வெள்ளம் தரைக்கு மேல் சுமார் 4 அடி ஏறியது. 1996-இல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு புகுந்தது. 2008-இல் மறுபடியும் உள்ளே வந்தது. நதியின் மேற்பகுதியில் ஊர்கள் பெருகி மழைத் தண்ணீர் முன்னைவிட வேகமாக ஓடிவருகிறது, அதை மீஸ் எப்படி அறிவார் என்று என் அண்ணன் மகன் கேட்டான். பின்னாளைய வெள்ளங்களுக்கு அது நியாயமான பதில். மூன்றாம் வருஷத்து வெள்ளத்துக்கு அது பதில் ஆகாது.

கடைசியாக அவன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தான்: "அவ்வளவு மோசம்னா ஏன் இருபது வருஷம் விடாம வந்தாங்க?" பலரும் கேட்கிற கேள்விதான். அவர் அந்த வீட்டை விற்றது 1970களின் தொடக்கத்தில். புதிய சாலைக்கும் பாலத்துக்கும் நிலத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, வாகனச் சத்தம் வாசலுக்கு வந்த பிறகு. அதுவரை எப்படி இருந்தார்? வலை அடித்தார். திரை போட்டார். அலமாரி வைத்தார். மீஸ் செய்த நாற்காலிகளை வாங்காமல் தமக்குப் பிடித்த மரச் சாமான்களைப் போட்டுக்கொண்டார். வயலினும் புத்தகங்களும் வைத்துக்கொண்டார். மேதை விட்டுப்போன குறைகளை ஒவ்வொன்றாகத் தம் கைக்காசில் நிரப்பிக்கொண்டு இருபது வருஷம் வாழ்ந்தார். அந்தச் சகிப்புக்கும் உழைப்புக்கும் கிடைக்க வேண்டிய புகழை எடுத்து, சகிக்க வைத்தவரின் தலையில் சூட்டுவது என்ன நியாயம்?

வழிநெடுகப் பேசியும் நாங்கள் ஒருவரையொருவர் மாற்றவில்லை. அவன் கெட்டிக்காரன், அவன் வாதங்களுக்குப் பதில் சொல்வது எனக்கு உற்சாகமாகவே இருந்தது. எனக்குக் கோபம் வருவது வேறு ஓரிடத்தில்.

காதல் கதையைச் சொல்கிறேன். டாக்டர் அம்மாளுக்கு மீஸ்மேல் ஆசை இருந்தது, அது நிறைவேறாததால் வீட்டின்மேல் குறை சொன்னாள் என்று பல வருஷங்களாகப் பேசியும் எழுதியும் வந்திருக்கிறார்கள். 1985-இல் வெளிவந்த மீஸின் வாழ்க்கை வரலாறு ஒன்று அந்த அம்மாளின் உயரத்தைப் பேசி, நடையைப் பேசி, முகத்தைக் குதிரை முகத்துக்கு ஒப்பிட்டது. ஒரு வீட்டின் ஜன்னல் போதுமா என்ற விவாதத்தில் வீட்டுக்காரியின் முகத்துக்கு என்ன வேலை? மீஸ் கனத்த சரீரமும் ஓயாத சுருட்டுமாக இருந்தவர். அதை வைத்து யாராவது அவருடைய தூண்களை அளந்தார்களா?

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆகவே இந்தத் தந்திரத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு பாத்திரம் அசௌகரியமான உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் அதன் வாயை அடைக்கச் சுலபமான வழி, அதற்கு ஓர் அந்தரங்கக் காரணத்தைக் கற்பிப்பது. "பாவம், ஏமாந்தவள், அதனால்தான் பேசுகிறாள்" என்று ஒரு வரி போதும். அவள் சொன்னது பொய் என்று நிரூபிக்க வேண்டிய சிரமம் கூட இல்லை. என் நாவல் பிடிக்கவில்லை என்று ஒரு வாசகி கடிதம் எழுத, அவளுக்கு என்மேல் ஆசை என்று நான் ஊரெல்லாம் சொன்னால் என்னை என்ன செய்வீர்கள்? செய்ய வேண்டியதுதான். இத்தனைக்கும் பிடிக்காத நாவலை மூடி வைத்துவிடலாம். வீட்டை அப்படி மூடி வைக்க முடியாது. அவர்களுக்குள் காதல் இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் கண்ணாடி வியர்க்காமல் இருந்துவிடுமா? கொசு கடிக்காமல் போய்விடுமா?

அந்த அம்மாளுக்கு அன்று ஆதரவாகப் பேசியவர்களும் நல்ல துணையாக வாய்க்கவில்லை. அந்த 1953-ஆம் வருஷத்தில், பேட்டியை வெளியிட்ட 'ஹவுஸ் பியூட்டிஃபுல்' பத்திரிகையின் ஆசிரியை எலிஸபெத் கார்டன், இம்மாதிரி வீடுகள் அமெரிக்காவுக்கே ஆபத்து, சர்வாதிகார மனோபாவத்தின் வித்து என்று எழுதினார். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. வெறுங் கண்ணாடியில் அரசியல் பூதத்தைக் கண்டார்கள். ஒரு பெண் தன் குப்பைத் தொட்டியைப் பற்றிச் சொன்னதை ஒரு தரப்பு தேசத் துரோகக் கேஸுக்குச் சாட்சியாக்கியது. மற்றத் தரப்பு காதல் கதையாக்கியது. அவர் சொன்னதைச் சொன்னபடி கேட்டவர் யார்? கட்டடக் கலை வரலாற்றாசிரியை ஆலிஸ் ஃப்ரீட்மன் 1998-இல் எழுதிய புத்தகம் வந்த பிறகுதான், வீடு கட்டச் சொன்ன பெண்ணுக்கும் அந்த வீட்டின் சரித்திரத்தில் ஓர் இடம் உண்டு என்பது பலருக்கு உறைத்தது.

கண்ணாடியில் வாழ்வது உன்னதம் என்று உபதேசித்தவர்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்பதையும் பார்த்துவிடுவோம். மீஸ் சிகாகோ ஏரிக்கரையில் கண்ணாடியும் எஃகுமாக அடுக்குமாடிகள் கட்டினார். அவர் குடியிருந்தது பக்கத்தில், பியர்ஸன் தெருவில், கெட்டிச் சுவர் வைத்த பழைய பாணிக் கட்டடத்தில். 1969-இல் இறக்கும்வரை அவர் இடம் அதுதான். மீஸின் சிஷ்யரைப்போல் இருந்த ஃபிலிப் ஜான்ஸன், பிளானோ வீட்டின் கருத்தை எடுத்துக்கொண்டு 1949-இல் கனெக்டிகட் மாநிலத்தில் தமக்கென்று ஒரு கண்ணாடி வீடு கட்டிக்கொண்டார். கூடவே எதிரில் செங்கல்லால் விருந்தினருக்கென்று இன்னொரு வீடும் கட்டி, மறைவான படுக்கையறையை அதில் வைத்தார்! டாக்டர் அம்மாளுக்கு அந்தச் செங்கல் வீட்டை யாரும் கட்டிக் கொடுக்கவில்லை.

அவருக்குப் பின் வீட்டை வாங்கியவர் பீட்டர் பலம்போ என்ற ஆங்கிலேயப் பிரபு. வீட்டை உயிருக்குயிராக நேசித்தவர். 1996 வெள்ளத்துக்குப் பிறகு பெரும் செலவில் சீர்செய்தவர். அதற்காக அவரை வாழ்த்துகிறேன். அவர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, கொசுவலையைப் பிரித்துப் போட்டது. இன்னொன்று, குளிர்சாதனம் வைத்தது. லண்டனில் வாழ்ந்துகொண்டு, விடுமுறைக்கு வந்து போகிறவருக்கு மீஸின் தூய்மை மீண்டும் கிடைத்தது. கிடைக்கச் செய்தது மீஸ் வைக்காத இயந்திரம். 2003 டிசம்பரில் ஏலத்துக்கு வந்தபோது சுமார் 75 லட்சம் டாலருக்கு வீட்டைப் புராதனச் சின்னப் பாதுகாப்பு அமைப்புகள் வாங்கின. இப்போது அங்கே யாரும் குடியிருக்கவில்லை. நம்மைப்போல் பார்க்க வருகிறவர்கள் மட்டுமே. நான் கேட்டால், அந்த வீடு இப்போதுதான் தன் இயல்பான நிலைக்கு வந்திருக்கிறது என்பேன்.

2020-இல் அந்த அம்மாள் வைத்திருந்த மாதிரிச் சாமான்களைப் போட்டு ஒரு கண்காட்சி நடத்தினார்கள். 2021-இல் வீட்டின் பெயரை 'ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம்' என்று மாற்றினார்கள். அதுவரை குடும்பப் பெயர் மட்டுமே இருந்தது. நல்ல காரியம். ஆனால் பெயர்ப் பலகையில் ஒரு சொல் சேர்ந்ததால் வழக்கு முடிந்துவிடவில்லை. கட்டடக் கலை மாணவன் இன்றும் அந்த வீட்டின் தூண்களின் அளவைக் கற்கிறான்; குப்பைத் தொட்டிக்கு இடமில்லாமல் போனதை ஒரு வேடிக்கைக் கதையாகக் கேட்டுச் சிரிக்கிறான். அது வேடிக்கை அல்ல, பாடம். தூணின் அளவுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டிய பாடம்.

ஏன் இதற்கு இவ்வளவு ஆவேசம் என்று கேட்பீர்கள். எங்கோ ஒரு நதிக்கரையில், எப்போதோ கட்டிய வீடு, அதுவும் பணக்கார தேசத்தில். வாஸ்தவம். ஆனால் வீடு என்பதில் அதிக நேரம் இருக்கிறவர், அதில் அதிகம் குனிந்து நிமிர்கிறவர், "இங்கே புகை போகவில்லை, இங்கே நிற்க இடமில்லை" என்று சொல்லும்போது, வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, "உனக்கு எப்போதும் ஒரு குறை" என்று பதில் சொல்வது அமெரிக்காவில் மட்டும் நடக்கிற காரியம் என்று நான் நம்பவில்லை. உலகப் புகழ் பெற்ற வீட்டிலேயே அந்தப் பதில்தான் கிடைத்தது என்றால் சாதாரண வீடுகளின் கதி என்ன?

அந்த வீட்டை இடிக்கச் சொல்லவில்லை. வெள்ளத்திலிருந்து அதைக் காப்பாற்ற எவ்வளவு செலவானாலும் செய்யட்டும். சிற்பம் என்று சொல்லுங்கள், கவிதை என்று சொல்லுங்கள், கோயில் என்றே சொல்லுங்கள். காலணியைக் கழற்றிவிட்டு நானும் உங்களோடு நின்று கும்பிடுகிறேன். ஆனால் வீடு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டீர்களானால், அதற்குச் சாட்சி சொல்ல முதலில் அழைக்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். அவர் இறந்து போனது 1977-இல். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.